கை வறண்ட மாதங்களில் நம் தட்டு



உளுந்து, பயறு அறுப்பு முடிந்ததும் நம் பகுதியில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயலில் வேலை நின்றுவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து, நாற்று விட்டு, நடவுக்கு ஆள் கூப்பிடுவதற்கு இன்னும் பல வாரம் ஆகும். கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017-ல் இரண்டு மாதமாகிவிட்டது. போட்டு போகாவிட்டால் மீன் கூடை தூக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை, கருவாடு காயப்போடும் பெண்களுக்கும் வேலை இல்லை.

இதே சித்திரை வைகாசியில்தான் பள்ளிக்கூடமும் லீவு. இதை நாம் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. சத்துணவில் 2010 முதல் வாரத்தில் 5 நாளும் முட்டை தர ஆரம்பித்தார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளைப் பள்ளியில் இருந்து மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒரு பிள்ளை காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிடுகிறது என்றால், லீவு விட்ட மறுநாளே அந்த இரண்டு வேளையும், அந்த முட்டையும் நம் அடுப்புக்குத் திரும்பி வருகிறது. வருமானம் குறைகிற மாதத்தில் ஆக்கிப் போட வேண்டிய சாப்பாடு கூடுகிறது. இந்த இரண்டு மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

முதலில் எதில் கை வைக்கிறோம்?

கையில் காசு இல்லை என்றால் எதை நிறுத்த முடியும் என்று யோசித்துப் பாருங்க. தவணையை நிறுத்த முடியாது. கரண்டு பில்லை நிறுத்த முடியாது. மொய்யை நிறுத்தவே முடியாது; சித்திரை வைகாசிதான் கல்யாண மாதம், பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். யாரும் கேள்வி கேட்காமல் குறைக்க முடிகிற ஒரே இடம் அடுப்படி. அங்கேதான் முதலில் கை வைக்கிறோம்.

அங்கேயும் எதைக் குறைக்கிறோம்? அரிசியைக் குறைப்பதில்லை. 2011 ஜூனில் இருந்து ரேஷனில் அரிசி இலவசம், அதனால் வயிறு நிறைகிறது. குறைவது பருப்பு. சாம்பார் தண்ணியாகி, பிறகு ரசமாகி, பிறகு வெறும் புளித்தண்ணி ஆகிறது. அடுத்து முட்டை நிற்கிறது. அடுத்து பால் டீக்கு மட்டும் என்றாகிறது. காய் வாங்குவது வாரத்துக்கு ஒரு நாளாகிறது. ஆனால் குழந்தை அழுகிறது என்று வாங்கும் பத்து ரூபாய் பிஸ்கட்டும், ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும், சாயங்காலக் கடை பஜ்ஜியும் நிற்பதில்லை. சில்லறையாகப் போவதால் அது செலவாகவே தெரிவதில்லை. ஒரு வாரம் மட்டும் ஒரு பழைய நோட்டில் இதை எழுதி வையுங்க. குழுக் கணக்கு எழுதப் பழகிய நமக்கு இது பெரிய வேலை இல்லை. அந்தத் தொகையில் எத்தனை முட்டை வந்திருக்கும் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பருப்பு விஷயத்தில் ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து சுமார் 85 கிராம் வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கும் 1 கிலோ துவரம் பருப்பை நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளைக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான். பத்தில் ஒரு பங்கு! ரேஷன் பருப்பை வாங்கிவிட்டோம், இந்த மாதத்துப் பருப்புக் கவலை தீர்ந்தது என்று நினைத்தால், உண்மையில் மூன்று நாளைக்குத்தான் தீர்ந்திருக்கிறது.

பருப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 100 கிராம் அரிசியில் புரதம் 8 கிராமுக்கு உள்ளேதான் இருக்கிறது. துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு எதை எடுத்தாலும் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. நிலக்கடலையில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு முட்டையில் 6 கிராம். அரிசிப் புரதத்தில் இல்லாத ஒரு சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வளருகிற பிள்ளைக்கும், உடம்பால் உழைக்கிறவருக்கும் சதை வைக்கும். வெறும் சோறு பசியை அடக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, யார் தட்டில் கை வைக்கிறோம்?

இதைப் பேசாமல் சத்துணவுப் பட்டியல் போடுவதில் பயன் இல்லை. நம் வீடுகளில் முதலில் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். கடைசியில் நாம் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறோம். வசதி இருக்கும் மாதத்தில் கடைசியாகச் சாப்பிட்டாலும் சட்டியில் ஏதாவது மிஞ்சும். கை வறண்ட மாதத்தில் மிஞ்சாது. முட்டை இரண்டு வாங்கினால் அவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி பாதி. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு, வால் பிள்ளைக்கு, நமக்குக் குழம்பு. பசிக்கு ஒரு டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். "எனக்கு என்ன, நான் சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லாத பெண் நம் குழுக்களில் யார்?

யார் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று பாருங்க. உழைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டது. மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்ணுக்கு அதே கணக்கில் 29 மில்லிகிராம். மாதா மாதம் ரத்தம் போகிறதே, அதற்காக. அதாவது கூடுதலாகத் தேவைப்படும் ஆள்தான் சட்டியின் அடியை வழிக்கிறார். விளைவு என்ன? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 15 பேர் உள்ள ஒரு குழு வட்டமாக உட்கார்ந்தால் அதில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி ஏறினால் மூச்சு வாங்குவது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுவது, நகமும் கண்ணின் கீழ் இமையும் வெளுத்துப்போவது, எந்நேரமும் அசதி, இதெல்லாம் வேலை அலுப்பு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதித்துச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11-க்கு மேல். குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு புரட்டும். பயந்து நிறுத்தாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பிரித்துக் கொடுக்க முடியாத சமையல்

"இனிமே எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்று நாம் சொன்னால் ஒரு வாரம் நடக்கும். மாமியார் இருக்கும் வீட்டில் அதுவும் நடக்காது. அதனால் நாங்கள் சொல்வது வேறு வழி. சத்தான பொருள் தனித் துண்டாக இருந்தால்தான் அது யாருக்கு என்ற கேள்வி வருகிறது. குழம்பிலோ பொரியலிலோ கஞ்சியிலோ கரைந்து கலந்துவிட்டால் கரண்டி எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் எடுத்துப் போடும். கைச்செலவு குறைவாக இருக்கும் மாதங்களில் இப்படிச் சமைப்பதுதான் நமக்கு நல்லது.

இரண்டு முட்டையை அவித்தால் இரண்டு பேருக்கு. அதே இரண்டு முட்டையை முருங்கைக்கீரையில் உடைத்து ஊற்றினால் ஐந்து பேருக்கு. பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் வதக்கி, ஆய்ந்த கீரையை இரண்டு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். கீரை வெந்து தண்ணீர் சுண்டியதும் முட்டையை ஊற்றிக் கிளற வேண்டும். முட்டையை முதலில் ஊற்றினால் கீரை வேகாமல் கசக்கும். இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். ருசிக்காக மட்டும் இல்லை. கீரையில் இருக்கும் இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஒட்டாது. புளிப்பான பழத்திலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக ஒட்டும். எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கும் கோடையில் மாங்காய் இருக்கிறதே, இரண்டு கீற்று மாங்காய் போதும்.

அதற்கு நேர்மாறு டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருந்த இரும்புச்சத்தைத் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். டீயை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் விடப் போவதில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும்.

உளுந்தங்கஞ்சி நம் அம்மாக்கள் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைத்தது. அதை எல்லா நாளும் வைக்கலாம். அரிசி இரண்டு பங்கு, தோல் உளுந்து ஒரு பங்கு. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு ஒன்றிரண்டாக உடைத்து, பத்துப் பல் பூண்டு, ஒரு சிட்டிகை வெந்தயம் போட்டுக் குழைய விடுங்கள். தேங்காய் துருவிப் போட்டு உப்பும் சேர்க்கலாம், கருப்பட்டியும் சேர்க்கலாம். லீவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் இது ஒரு டம்ளர் உள்ளே போனால் பதினோரு மணிக்கு பிஸ்கட் கேட்காது. நாகூர்ப் பக்கம் ரமலானில் வைக்கும் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்க. அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் என்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பைத் தூக்கி நிறுத்தும் எல்லாம் அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கின்றன. ஊருக்கே பொதுவாகக் கொதிக்கும் அந்தக் கஞ்சியில் தனித் துண்டும் கிடையாது, பெரிய துண்டும் கிடையாது.

வெயில் காலத்தில் பழைய சோறு எல்லா வீட்டிலும் உண்டு. குளிர்ச்சி, செரிமானத்துக்கு நல்லது, அடுப்புச் செலவும் மிச்சம். ஆனால் வெங்காயமும் பச்சை மிளகாயும் மட்டும் கடித்துக்கொண்டால் அதில் புரதம் இல்லை. தொட்டுக்கொள்ள நிலக்கடலைத் துவையல் அரையுங்கள். வறுத்த கடலை ஒரு கை, காய்ந்த மிளகாய் மூன்று, பூண்டு இரண்டு பல், புளி சுண்டைக்காய் அளவு, உப்பு. அம்மியில் கெட்டியாக அரைத்தால் இரண்டு வேளைக்கு வரும். கொள்ளையும் இதே மாதிரி வறுத்துத் துவையல் அரைக்கலாம். கொள்ளு மாட்டுத் தீவனம் என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மாடு பிழைத்துக்கொள்கிறது.

நெத்திலிக் கருவாடும் பிரிக்க முடியாத சமையலில் சேர்ந்ததுதான். சின்ன மீன், யாருக்கும் நடுத்துண்டு கிடையாது. முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். சித்திரையில் மரம் நிறைய தொங்கும் முருங்கைக்காயும், ஒரு கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் புது மீன் இல்லாத தடைக்காலம் தெரியாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் கருவாட்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைந்து வெளியேறுபவை. அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு, மோர் இருந்தால் கலந்து குடிக்கலாம். ரசத்துக்கும் பருப்பு வேகவைக்கவும் எடுக்கலாம். மாடு உள்ள வீட்டில் மாட்டுக்குப் போகட்டும். மாடு இல்லாத வீட்டிலும் ஏன் கொட்ட வேண்டும்?

ரேஷன் அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டில் எல்லா அரிசி அட்டைகளுக்கும் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியபோது, "பிளாஸ்டிக் அரிசி கலந்து வருது" என்று ஊர் முழுக்கப் பேச்சு. பல வீடுகளில் அந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்தில் அச்சில் பிழிந்து, 100 மணிக்கு ஒன்று என்ற அளவில் கலப்பது. நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், தண்ணீரில் சில சமயம் மிதக்கும். உங்கள் அரிசியில் அப்படி மணிகள் இருந்தால் பொறுக்காமல் சமையுங்கள். ரத்தசோகைக்கு மருந்து வாங்கப் போகிற நாமே அதைக் குப்பையில் போட வேண்டாம்.

பங்குனியில் விற்று ஆடியில் வாங்குவது

நம் ஊர்களில் சம்பா அறுத்த ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். பங்குனியில் அறுப்பு. அந்த நேரத்தில் எல்லோர் வீட்டிலும் பயறு இருக்கும், அதனால் வியாபாரி சொன்னதுதான் விலை. சில ஊர்களில் அறுப்புக் கூலியே பயறாகக் கிடைக்கிறது. அதையும் மறுநாளே கடையில் போட்டுக் காசாக்கிவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து அதே உளுந்தை அதே கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். விளைகிற ஊரில் இருந்துகொண்டு இப்படி வாங்கித் தின்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பிடி அரிசி என்பது நம் குழுக்களுக்குப் புதிது இல்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்த அம்மாக்களின் பழக்கத்தில் இருந்துதான் பல குழுக்களின் சேமிப்பே ஆரம்பித்தது. இன்றைக்கு அரிசிக்குப் பஞ்சம் இல்லை. அந்த இடத்தில் பயறை வைத்துப் பாருங்க. பங்குனியில் உறுப்பினர் ஒவ்வொருவரும் 5 கிலோ உளுந்தோ பயறோ குழுவில் போடட்டும். விளைச்சல் இல்லாதவர்கள் அதற்கு ஈடான தொகையை இரண்டு மூன்று மாதச் சேமிப்போடு சேர்த்துக் கட்டலாம், அல்லது குழு உள்கடனாக எழுதிக்கொள்ளலாம். 15 பேர் உள்ள குழுவில் 75 கிலோ சேரும். சித்திரையில் இருந்து ஆடி வரை வாரா வாரம் கூட்டத்தன்று அளந்து வாங்கிக்கொண்டு போகலாம். அவசரப்பட்டவருக்குக் கடனாகவும் கொடுக்கலாம். அடுத்த பங்குனியில் பயறாகவே திருப்பட்டும், வட்டி வேண்டாம்.

பாதுகாப்பதில்தான் கவனம் வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை வெயிலில் காயவிட்டு, சூடு முழுக்க ஆறிய பிறகு அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் காய்ந்த வேப்பிலையை அடுக்கடுக்காகப் போடுங்கள். உடைத்த பருப்பாக இருந்தால் விளக்கெண்ணெய் லேசாகத் தடவிக் காயவைத்தால் வண்டு முட்டையிடாது. மாதம் ஒரு முறை வெயிலில் பரப்பி எடுங்கள்.

நம் கூட்டமைப்பில் கடலோரக் குழுக்களும் இருக்கின்றன, உள்ளூர் வயல்வெளிக் குழுக்களும் இருக்கின்றன. தடைக்காலத்துக்கு முன்பே அவர்கள் காயவைத்த நெத்திலிக் கருவாடு இங்கே வரட்டும், இங்கே விளைந்த உளுந்து அங்கே போகட்டும். நடுவில் வியாபாரி எதற்கு? இதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். உங்கள் குழுவில் எத்தனை கிலோ தேவைப்படும், எத்தனை கிலோ கொடுக்க முடியும் என்று பிரதிநிதியிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

தவணை கட்ட முட்டையை நிறுத்துவது

வாரத் தவணை வாங்கும் நிதி நிறுவனங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள் என்றால் திங்கள் இரவு அந்த வீட்டில் ரசம் சோறுதான். நம் குழுத் தவணையும் இதில் சேர்த்திதான். "குழுவில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை" என்ற பெயருக்காக வயிற்றைக் கட்டுகிற உறுப்பினர்கள் நமக்குள் இருக்கிறார்கள். நேரம் தவறாமல் கட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு உறுப்பினர் பிள்ளைக்குப் பால் நிறுத்தி, தான் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி 100 சதவீதம் திருப்பினால், அந்த 100 சதவீதத்தைப் பதிவேட்டில் காட்டி நமக்கு என்ன பெருமை?

முடியாத மாதத்தில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குழுவும் கேட்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வட்டி மட்டும் கட்டி, அசலை அறுவடைக் காலத்தில் சேர்த்துக் கட்டலாம் என்று கடன் கொடுக்கும்போதே தீர்மானம் எழுதி வைத்துக்கொள்ளலாம். மிகவும் நலிந்த குடும்பம் என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவு நிலைக் குறைப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் திடீரென்று தவிக்கிறவர்களுக்காக வைத்த பணம் அது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

துக்க வீட்டு அடுப்பு

காசு இல்லாத கஷ்டத்தைப் பற்றியே இதுவரை சொன்னோம். காசு இருந்தும் அடுப்பு எரியாத வீடு உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். தெருவில் இருந்து காப்பி வருகிறது. யாராவது வற்புறுத்தி இரண்டு வாய் ஊட்டுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது பதினாறாம் நாள் காரியத்தோடு முடிந்துபோகிறது. உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அந்தப் பெண் தனி அடுப்புக்கு முன்னால் உட்காருகிறார். ஒரு ஆளுக்காக என்னத்தைச் சமைக்கிறது என்று ஒரு டீயோடு முடித்துக்கொள்கிறார். சில வீடுகளில் கணவனை இழந்தவளுக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது என்று வேறு சொல்கிறார்கள். துக்கத்தில் இருக்கிற உடம்புக்குச் சத்து வேண்டாம் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் உறவைவிடக் குழு பக்கத்தில் இருக்கிறது. பதினேழாம் நாளில் இருந்து ஒரு மாதத்துக்கு, உறுப்பினர்கள் முறை வைத்து ஒரு வேளை கொண்டுபோகலாம். 15 பேர் இருந்தால் ஒருவருக்கு மாதம் இரண்டு முறைதான் வரும். தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், அன்றைக்கு நம் வீட்டில் ஆனதில் ஒரு பங்கு. பசி மந்தித்துப் போயிருக்கும், அதனால் காரம், எண்ணெய் குறைவாக, விழுங்க எளிதாக இருப்பது நல்லது. பாசிப்பருப்புக் கஞ்சி, இட்லி, குழைய வடித்த சோற்றில் கீரைக் கடைசல், தயிர் சாதம். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் அவர்களுக்கு ஒரு முட்டை. பிரசவித்த வீட்டுக்கும், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர் வீட்டுக்கும் இதையே செய்யலாம். சர்க்கரை நோய் இருக்கிறதா, டாக்டர் எதையாவது விலக்கச் சொன்னாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோய் வைத்துவிட்டு உடனே திரும்பாதீங்க. தனியாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள் பக்கத்தில் ஒருவர் தட்டு போட்டு உட்கார்ந்தால் நாலு வாய் கூடச் சாப்பிடுவார்கள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து நடமாடவே மாட்டேன் என்கிறார் என்றால் அதைச் சோகம் என்று விட்டுவிடாமல் செவிலியரிடமோ டாக்டரிடமோ அழைத்துப் போக வேண்டும். 104-க்குப் போன் செய்தாலும் எங்கே போவது என்று சொல்வார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வந்த தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நமக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த வீட்டில் இருப்பவர் இதில் என்னத்தைப் போட்டுக் கொடுப்பது என்று தவிப்பார், சில சமயம் அதற்காகவே சாப்பாடே வேண்டாம் என்பார். "குழு வாளி இது, கழுவக்கூட வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாளியை அன்றைக்கே வாங்கி வராதீங்க. மறுநாள் அதை எடுக்கப் போகிறவர் அப்படியே திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.